ஒரே கோடு, இரு வெளியேற்றங்கள்: அயர்லாந்து நில எல்லையும் சுங்கச் சிக்கலும் (1923–2024)

ஆய்வுச்சுருக்கம்

ஒரு நாடு வணிகக் கூட்டமைப்பு ஒன்றிலிருந்து விலகும்போது எழும் எல்லைச் சிக்கல், நிலம் யாருக்கு உரியது என்பதைக் காட்டிலும் சரக்கை எங்கே நிறுத்திச் சோதிப்பது என்பதைப் பற்றியதாகவே அமையக்கூடும். அயர்லாந்துத் தீவைப் பிரிக்கும் கோட்டை முன்வைத்து இக்கட்டுரை இக்கருத்தை ஆராய்கிறது. 1923இல் ஐரிஷ் சுதந்திர அரசு பிரித்தானியச் சுங்கப் பரப்பிலிருந்து விலகியதும், 2020இல் ஐக்கிய இராச்சியம் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகியதும் ஒரே கோட்டின்மீது நிகழ்ந்த இரு வெளியேற்றங்களாக இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அயர்லாந்து, சுங்க ஒன்றியம், எல்லை ஆணையம், பிரெக்சிட், வின்ட்சர் கட்டமைப்பு

முன்னுரை

தமிழில் ‘எல்லை’ என்னும் ஒரு சொல்லே இருவேறு பொருள்களைச் சுமக்கிறது. ஓர் அரசின் ஆட்சி முடியும் இடமும் எல்லை. சரக்கு வண்டி நிறுத்தப்பட்டுத் தீர்வை கணக்கிடப்படும் இடமும் எல்லை. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் அமைவதால் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இரண்டும் பிரிந்து நிற்கக்கூடும் என்பதை அயர்லாந்தின் நூற்றாண்டு வரலாறு காட்டுகிறது.

வெளியேற்றம் ஒவ்வொன்றும் எல்லைச் சிக்கலை எழுப்புவதில்லை. கிரீன்லாந்து 1985 பிப்ரவரி 1 அன்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்திலிருந்து விலகியபோது பேச்சுவார்த்தை பெரிதும் மீன்பிடி உரிமையைச் சுற்றியே நடந்தது; சோதனைச் சாவடி எழுப்புவதற்கு அங்கு நில எல்லையே இல்லை. ஐக்கிய இராச்சியத்துக்கோ நில எல்லை ஒன்றே ஒன்று உண்டு. ஏறத்தாழ 499 கிலோமீட்டர் நீளமும் 200-க்கும் மேற்பட்ட சாலைக் கடவைகளும் கொண்ட அந்த எல்லையே பிரெக்சிட் பேச்சுவார்த்தையின் மிகக் கடினமான முடிச்சாக மாறியது.

முதல் வெளியேற்றம்

1800ஆம் ஆண்டின் ஒன்றிணைப்புச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இரு தீவுகளின் மக்களும் வணிகத்தில் சமநிலை பெறுவர் என உறுதியளித்தது. எஞ்சியிருந்த தீர்வைகளும் 1820களில் நீங்க, இரு தீவுகளும் ஒரே சுங்கப் பரப்பாயின. 1920ஆம் ஆண்டின் அயர்லாந்து ஆட்சிச் சட்டம் ஆன்ட்ரிம், அர்மா, டவுன், ஃபெர்மானா, லண்டன்டெரி, டைரோன் ஆகிய ஆறு மாவட்டங்களைப் பிரித்து வட அயர்லாந்தை உருவாக்கியது. அப்போது வரையப்பட்டவை பழைய மாவட்ட எல்லைகளே. உள்ளாட்சிக்காக ஏற்பட்ட அக்கோடுகள் ஒருநாள் சுங்க எல்லையாகும் என எவரும் கருதியிருக்க இயலாது.

1921 டிசம்பர் 6 அன்று கையெழுத்தான ஆங்கில–ஐரிஷ் உடன்படிக்கையின்படி ஐரிஷ் சுதந்திர அரசு தன் நிதியைத் தானே நிருவகிக்கும் உரிமையைப் பெற்றது. அவ்வுரிமையைப் பயன்படுத்தி, புதிய நிதியாண்டின் தொடக்கமான 1923 ஏப்ரல் 1 முதல் அது சுங்கச் சோதனையை நடைமுறைப்படுத்தியது. ஒரு நூற்றாண்டுக் காலம் நிலவிய பொதுச் சுங்கப் பரப்பிலிருந்து ஒரு நாடு வெளியேறிய நிகழ்வு இது. வெளியேறிய நாடே சாவடிகளை அமைத்தது என்பது இங்குக் கருதத்தக்கது. தொடக்கத்தில் இரு பக்கத் தீர்வைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் வேறுபடும் உரிமை இருந்தமையே சோதனையைத் தேவையாக்கியது. அடுத்த ஆண்டிலேயே காலணி, சோப்பு, மெழுகுவத்தி முதலியவற்றின்மீது டப்ளின் அரசு காப்புத் தீர்வை விதித்தது.

இதன் சுமையை முதலில் உணர்ந்தவர்கள் எல்லையோரக் கடைக்காரர்களும் உழவர்களுமே. தீர்வைக்குரிய சரக்கு ‘அங்கீகரிக்கப்பட்ட’ சில சாலைகள் வழியாக மட்டுமே செல்லலாம். பிற சாலைகளில் அதனைக் கொண்டுசெல்வது குற்றம். மோட்டார் வண்டி வைத்திருப்பவர் பிணைகொடுத்து அனுமதி ஏடு பெற வேண்டும். டெர்மன் ஆற்றால் பிரிக்கப்பட்ட பெட்டிகோ என்னும் சிற்றூரின் ஒரு பகுதி டோனகல் மாவட்டத்திலும், டல்லிஹோமன் எனப்படும் மறுபகுதி ஃபெர்மானாவிலும் இருக்கின்றன. மொனகன் மாவட்டத்தைச் சேர்ந்த டிரம்மல்லி என்னும் பகுதிக்கோ வட அயர்லாந்தின் வழியே அன்றிச் சாலைவழி இல்லை. மாவட்டக் கோடாக இருந்தவரை இவை புவியியல் விந்தைகள் மட்டுமே. சுங்கக் கோடானபின் அன்றாடத் தொல்லைகளாயின.

எல்லை ஆணையமும் பொருளாதாரக் காரணமும்

உடன்படிக்கையின் பன்னிரண்டாம் பிரிவு, குடிமக்களின் விருப்பத்தையொட்டி, பொருளாதார, புவியியல் நிலைமைகளுக்கு இயைந்த அளவில் எல்லையை வரையறுக்க ஓர் ஆணையத்தை ஏற்படுத்தியது. தென்னாப்பிரிக்க நீதிபதி ரிச்சர்ட் ஃபீதம் அதன் தலைவர். ஓவன் மக்நீல் சுதந்திர அரசின் சார்பில் அமர்ந்தார். பெல்ஃபாஸ்ட் அரசு எவரையும் நியமிக்க மறுத்தமையால் அதன் இடத்தில் ஜே.ஆர். ஃபிஷரை லண்டன் நியமித்தது.

இவ்வாணையத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சமய, தேசியப் பெரும்பான்மைகளின் கணக்கிலேயே நின்றுவிடுகின்றன. அதன்முன் வந்த சாட்சிகளோ சந்தையையும் சுங்கத்தையும் பற்றி மிகுதியாகப் பேசினர். டோனகலின் உழவர் சந்தைக்குச் செல்லும் நகரம் டெரி. அந்நகரத்துக்கும் அவர்களுக்கும் இடையே இப்போது சாவடி நின்றது. கத்தோலிக்கப் பெரும்பான்மை கொண்ட நியூரி நகரைச் சுதந்திர அரசுடன் சேர்க்க ஆணையம் மறுத்ததும், கிழக்கு டோனகலின் ஒரு பகுதியை வட அயர்லாந்துக்குப் பரிந்துரைத்ததும் பொருளாதாரக் காரணத்துக்கு அது தந்த முதன்மையைக் காட்டுகின்றன. கோடு வரையப்பட்டபின் வணிகம் சிதைந்தது. சிதைந்த வணிகத்தைச் சான்றாகக் கொண்டு கோட்டைத் திருத்த முற்பட்டனர். காரணமும் விளைவும் இங்கு இடம் மாறி நிற்கின்றன.

பரிந்துரைகளை 1925 நவம்பர் 7 அன்று ‘மார்னிங் போஸ்ட்’ நாளேடு முன்கூட்டியே வெளியிட்டது. மக்நீல் பதவி விலகினார். டிசம்பர் 3 அன்று மூன்று அரசுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி கோடு இருந்தபடியே நீடித்தது. அதற்கு ஈடாக, ஐக்கிய இராச்சியப் பொதுக்கடனில் சுதந்திர அரசு ஏற்க வேண்டிய பங்கு தள்ளுபடி செய்யப்பட்டது. ஆணையத்தின் அறிக்கை 1969 வரை அச்சேறவில்லை. அன்றுமுதல் இன்றுவரை அக்கோடு நகரவில்லை.

கோடு நின்றது, சோதனை மறைந்தது

1932இல் ஆட்சிக்கு வந்த ஈமன் டி வலேரா நில ஆண்டுத்தொகைகளை லண்டனுக்குச் செலுத்த மறுத்தார். பிரிட்டன் ஐரிஷ் வேளாண் பொருள்கள்மீது தண்டத் தீர்வை விதிக்க, டப்ளினும் பதிலுக்கு விதித்தது. 1938 வரை நீண்ட இந்த ‘பொருளாதாரப் போர்’ கால்நடைக் கடத்தலை எல்லையோரத் தொழிலாகவே மாற்றியது. பின்னர் உலகப்போர்க் காலப் பங்கீடு, வெண்ணெயும் சர்க்கரையும் தேயிலையும் கடத்தப்படும் திசைகளை மாற்றியதேயன்றிக் கடத்தலை நிறுத்தவில்லை.

1973 ஜனவரி 1 அன்று இரு நாடுகளும் ஒரே நாளில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தன. அன்றே எல்லை கரைந்தது என்பது பொதுவான கருத்து, அது பிழையானது. சாவடிகள் மேலும் இருபது ஆண்டுகள் நின்றன. மறைமுக வரிகள் வேறுபட்டன; பொது வேளாண் கொள்கையின் நாணய ஈடுகட்டல் தொகைகளோ ஒரே கால்நடையைப் பலமுறை எல்லை கடத்துவதை இலாபமாக்கின. 1979 மார்ச்சில் ஐரிஷ் பவுண்டு ஸ்டெர்லிங்கிலிருந்து பிரிந்தது. வடக்கே மலிவாகப் பொருள் வாங்கச் செல்வோரைத் தடுக்க 1987இல் டப்ளின் விதித்த 48 மணிநேர விதியை, ஐரோப்பிய நீதிமன்றம் 1990இல் சட்டத்துக்கு மாறானது எனத் தீர்ப்பளித்தது. ஒற்றைச் சந்தை நடைமுறைக்கு வந்த 1993 ஜனவரி 1 அன்றே சுங்கச் சாவடிகள் மூடப்பட்டன.

சுங்கச் சாவடியும் படைச் சாவடியும் வேறுவேறு. முன்னது சந்தைச் சட்டத்தால் மறைந்தது. பின்னது 1998 ஏப்ரல் 10 அன்று ஏற்பட்ட பெரிய வெள்ளி உடன்படிக்கைக்குப் பிறகே படிப்படியாக அகன்றது. எனினும் இரண்டையும் முற்றாகப் பிரித்துவிடவும் இயலாது. 1956–62 காலத்து ஆயுதக் குழுவினர் சுங்கச் சாவடிகளையும் தாக்கினர். 1972 ஆகஸ்ட் 22 அன்று நியூரி சுங்க அலுவலகத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் ஒன்பது பேர் இறந்தனர். எல்லையோர மக்களின் நினைவில் தீர்வை வாங்கும் மேசை வெறும் மேசையாக இருந்ததில்லை.

இரண்டாம் வெளியேற்றம்

2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் ஐக்கிய இராச்சியம் முழுவதிலும் 51.9 விழுக்காட்டினர் வெளியேற்றத்தையும், வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினர் ஒன்றியத்தில் நீடிப்பதையும் ஆதரித்தனர். முன்னாள் பிரதமர்கள் ஜான் மேஜரும் டோனி பிளேரும் டெரிக்கு வந்து எச்சரித்திருந்தபோதிலும் எல்லை இங்கிலாந்தின் பரப்புரையில் ஓரத்திலேயே நின்றது. 1923இல் வெளியேறியவர்கள் சாவடியை இறையாண்மையின் அடையாளமாக நட்டனர். இம்முறை வெளியேறும் அரசு, விதிகள் வேறுபட வேண்டும், சாவடி கூடாது என்ற இரண்டையும் ஒருங்கே கோரியது.

இதற்கான முதல் விடை தெரசா மேயின் ‘பேக்ஸ்டாப்’. இராச்சியம் முழுவதையும் சுங்க ஏற்பாட்டில் நிறுத்திவைக்கும் அக்காப்புத் திட்டத்தை உள்ளடக்கிய உடன்படிக்கை 2019 ஜனவரி 15 அன்று 432–202 என்ற வாக்குகளில் தோற்றது. மேலும் இருமுறை தோற்றது. 2019 அக்டோபரில் போரிஸ் ஜான்சன் ஏற்ற புரோட்டோகால் என்னும் இணைப்பு உடன்பாடு, சோதனையை நிலத்திலிருந்து ஐரிஷ் கடலுக்கு நகர்த்தியது. 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டனிலிருந்து வரும் சரக்குகள் லார்ன், பெல்ஃபாஸ்ட், வாரன்பாயின்ட் முதலிய துறைமுகங்களில் சோதனைக்கு உட்பட்டன. வடக்கின் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தெற்கே பதப்படுத்தப்படுகிறது. அந்தப் பால்வண்டிகள் முன்போலவே நிற்காமல் ஓடின. நின்றவை கடல்கடந்து வந்த பேரங்காடி லாரிகள்.

இராச்சியத்துடனான இணைப்பைப் போற்றும் யூனியனிசக் கட்சிகளுக்கு இது 1800ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவை மீறியதாகப்பட்டது. அக்குற்றச்சாட்டை வெறும் கட்சி அரசியல் எனத் தள்ளிவிட இயலாது. வணிகச் சமநிலை என்னும் பழைய உறுதிமொழி தொடப்பட்டது உண்மை. 2023 பிப்ரவரி 8 அன்று உச்ச நீதிமன்றமும், பின்வந்த சட்டம் அப்பிரிவை மாற்றியமைத்துள்ளது என்று கூறியே உடன்பாடு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அதற்கு ஓராண்டு முன்பே, 2022 பிப்ரவரி 2 அன்று, வேளாண் அமைச்சர் எட்வின் பூட்ஸ் துறைமுகச் சோதனைகளை நிறுத்த ஆணையிட்டார். மறுநாள் முதலமைச்சர் பால் கிவன் விலகினார். அதற்கடுத்த நாள் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் அமைச்சரின் ஆணையை இடைக்காலமாகத் தடுத்தது. வட அயர்லாந்தின் ஆட்சிக்குழு ஈராண்டுகள் முடங்கியது. 1923இலும் சுங்கம் லண்டனின் அதிகாரத்திலேயே இருந்தது. தாம் வகுக்காத விதியைத் தம் வாயிலில் காணும் நிலை பெல்ஃபாஸ்டுக்குப் புதிதன்று.

2023 பிப்ரவரி 27 அன்று அறிவிக்கப்பட்ட வின்ட்சர் கட்டமைப்பு, வட அயர்லாந்திலேயே நுகரப்படும் சரக்குக்குப் பச்சைத் தடத்தையும், தெற்கே செல்லக்கூடியதற்குச் சிவப்புத் தடத்தையும் வகுத்தது. பச்சைத் தடத்தில் வரும் உணவுப்பொருள்கள் பலவற்றில் ‘ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அன்று’ என்னும் வாசகம் அச்சிடப்பட்டது. எல்லையின் ஒரு பகுதி இவ்வாறு பொட்டலத்தின் மேலுறைக்கு இடம்பெயர்ந்தது. ஆட்சிக்குழு 2024 பிப்ரவரி 3 அன்று மீண்டும் அமைந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 10 அன்று வட அயர்லாந்துப் பேரவை இவ்வணிக விதிகள் தொடர 48–36 என்ற வாக்குகளில் இசைவளித்தது. ஆதரித்தவர்களுள் யூனியனிச உறுப்பினர் ஒருவரும் இல்லை. இரு சமூகத்தாரின் பெரும்பான்மை கிடைத்திருந்தால் அடுத்த வாக்கெடுப்பு எட்டு ஆண்டுகளுக்குப் பின்னரே வரும். கிடைக்காமையால் நான்கு ஆண்டுகளில், 2028இல், அது மீண்டும் பேரவையின்முன் வரவேண்டியுள்ளது.