பதின்மூன்று வயதில் கிடைத்த ஏடு

செல்லோ என்னும் பெரிய நரம்பு வாத்தியத்தை உலக அரங்கில் உயர்த்தியவர் பாப்லோ கசால்ஸ். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவரது முதுமையையே பேசுவர். பிராங்கோவின் ஆட்சியை ஏற்க மறுத்து ஸ்பெயினைத் துறந்ததும், 1973ஆம் ஆண்டு தமது 96ஆவது வயதில் புவேர்ட்டோ ரிக்கோவில் மறைந்ததும் பலர் அறிந்த செய்திகள். எனக்கோ அவருடைய முதல் இருபத்தைந்து ஆண்டுகளே அதிகம் சிந்திக்கத் தூண்டுவன.

1876 டிசம்பர் 29ஆம் திகதி கத்தலோனியாவில் எல் வென்ட்ரல் என்ற சிற்றூரிலே கசால்ஸ் பிறந்தார். தகப்பனார் கார்லஸ் அவ்வூர்த் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர், வருவாய் சொற்பம். ஊர்சுற்றிப் பாடகர் சிலர் துடைப்பக் கட்டையில் நரம்பு கட்டி வாசித்ததைக் கண்டு வந்த சிறுவன் அதைப் பற்றியே ஓயாது பேச, தகப்பனார் உலர்ந்த சுரைக்குடுக்கையில் ஒரு வாத்தியம் செய்து கொடுத்தார். வீணையின் குடுக்கையை அறிந்த நமக்கு இது விநோதமாகத் தோன்றாது.

உண்மையான செல்லோவை அவர் முதன்முதல் கேட்டது பதினோராம் வயதில், 1888இல். பார்சலோனாவிலிருந்து வந்த ஹோசப் கார்சியா அதை வாசித்தார். இனி வேறொன்றும் வேண்டாம் என்றான் பையன். மகனைத் தச்சுத் தொழிலுக்கு விட எண்ணியிருந்த தகப்பனார் சம்மதிக்கவில்லை. தாயார் பிலார் டெஃபில்லோ விட்டுக்கொடுக்கவில்லை. பெற்றோரின் பிணக்குக்குத் தானே காரணம் என்ற குற்ற உணர்வு அவரை நெடுநாள் வருத்தியது. ஈற்றில் தாயார் மகனை அழைத்துக்கொண்டு பார்சலோனாவுக்குப் புறப்பட்டார்.

அங்கே நகரசபை இசைப் பள்ளியில் கார்சியாவே ஆசிரியரானார். அக்காலத்தில் செல்லோ பயில்வோர் வலக்கை அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வில் இழுக்க வேண்டும், புத்தகம் விழக்கூடாது. கையை இப்படி விறைக்கச் செய்வதில் அர்த்தமில்லை என்று கண்ட சிறுவன் முழங்கையை விடுவித்தான். இடக்கை விரல்களையும் விரித்து வைக்கத் தொடங்கினான். பன்னிரண்டு வயதுப் பையன் குருவின் முறையைத் திருத்துவதைக் கார்சியா பொறுத்துக்கொண்டார். அந்தப் பொறுமைக்காகவே அவரை நான் நல்லாசிரியர் என்பேன்.

படிப்புச் செலவுக்காகக் கசால்ஸ் ‘டோஸ்ட்’ என்ற கோப்பிக்கடையில் நாளொன்றுக்கு நான்கு பெசெட்டா சம்பளத்துக்கு வாசித்தார். அங்கு வாசிக்கப் புதிய உருப்படிகள் தேவைப்பட்டன. 1890இல், தகப்பனார் பார்க்க வந்திருந்த ஒருநாள், துறைமுகத்தை அண்டிய பழைய கடையொன்றில் இருவரும் இசைத்தாள்களைப் புரட்டினர். அப்போது அகப்பட்டவைதான் பாக் தனிச் செல்லோவுக்கென எழுதிய ஆறு தொகுதிகள்.

தொலைந்துபோன காவியத்தைச் சிறுவன் கண்டெடுத்ததாகச் சிலர் எழுதுவர். அது மிகை. 1720 அளவில் எழுதப்பட்ட அத்தொகுதிகள் 1820களிலேயே பாரிசில் அச்சேறிவிட்டன. ஆனால் அவற்றை விரற்பயிற்சிப் பாடங்களாகவே பலரும் கருதினர். மேடையில் வாசிப்பதாயின் ஒரு துண்டை மட்டும் எடுத்து வாசித்தனர். முன்னிசையும் ஐந்து ஆடல் மெட்டுகளுமாக ஒவ்வொரு தொகுதியும் ஒரு முழு ஆக்கம் என்பதைக் கண்டுகொண்டதே கசால்சின் பெருமை. அவர் உடனே மேடையேறவுமில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் நாள்தோறும் வீட்டிலிருந்து பயின்றார். மாதவி ஏழாண்டு பயின்று அரங்கேறினாள் என்று அரங்கேற்று காதையைப் படிப்பிக்கும்போது மாணவர் வாய்பிளந்து கேட்பர். இது அதனினும் நீண்டது.

அந்த ஆண்டுகள் சுகமாகக் கழிந்தன என்று நினைக்க வேண்டாம். கோப்பிக்கடையில் அவர் வாசிக்கக் கேட்ட இசைமேதை அல்பேனிஸ், லண்டனுக்கு அழைத்துச் செல்ல விரும்பினார். பிள்ளை இன்னும் படிக்க வேண்டும் என்று தாயார் மறுத்தார். அல்பேனிஸ் எழுதித் தந்த அறிமுகக் கடிதத்தை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் பத்திரப்படுத்தி வைத்திருந்து, பிறகே மகனுடன் மட்றிட் சென்று மோர்பி பிரபுவிடம் சேர்ப்பித்தார். அரண்மனையிலிருந்து மாதம் 250 பெசெட்டா புலமைப்பரிசில் கிடைத்தது. பிரபு பையனை வாரந்தோறும் பிராடோ ஓவியக் கூடத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் அனுப்பினார். கல்வி என்றால் என்னவென்று அறிந்த மனிதர். ஆயினும் அவனை இசை ஆக்குநனாக்கவே அவர் விரும்பினார். செல்லோவே முதன்மை என்று தாயார் நின்றார்.

1895இல் பிரபு அவரைப் பிரசெல்ஸுக்கு அனுப்பினார். அங்கே வகுப்பில் பேராசிரியர் கேலி செய்ததும், வாசித்துக் காட்டியபின் முதற்பரிசு தருவதாகச் சொல்லி மறித்ததும், மறுநாளே அவர் பாரிசுக்குப் புறப்பட்டதும் கசால்ஸ் தொண்ணூறு வயதைத் தாண்டியபின் சொன்னவை. முதியவரின் நினைவில் பழைய காட்சிகள் மெருகேறுவது இயல்பு. சொல்லுக்குச் சொல் நம்ப வேண்டியதில்லை. விளைவு மட்டும் ஐயமற்றது: சினமுற்ற பிரபு உதவிப்பணத்தை நிறுத்திவிட்டார்.

பாரிசில் ஒரு களியாட்ட அரங்கில் இரண்டாம் செல்லோ. வண்டிக் கூலியை மிச்சம்பிடிக்க வாத்தியத்தைச் சுமந்து நடை. ஈற்றில் கசால்ஸ் நோயில் விழுந்தார். தாயார் தையல் வேலை செய்தார். ஒருநாள் கூந்தல் கத்தரித்த தலையோடு வீடு வந்தார், மயிரை விற்றுவிட்டார். அது வெறும் மயிர்தான் என்று சொல்லிச் சிரித்தாராம். தகப்பனாரின் சுரைக்குடுக்கையும் பிரபுவின் பணமும் பெரியனவே. ஆயினும் இந்தக் கலைஞனை ஆக்கியவர் யாரென்று என்னைக் கேட்டால் அந்தத் தாயையே சொல்வேன்.

1896இல் குடும்பம் பார்சலோனாவுக்குத் திரும்பியது. அவ்வேளை கார்சியா ஆர்ஜென்டீனாவுக்குச் செல்ல, அவருடைய ஆசிரியப் பதவி மாணவருக்கு வாய்த்தது. மோர்பியோடிருந்த பிணக்கும் தீர்ந்தது. 1899 இலையுதிர் காலத்தில், பாரிசில் லாமுறோ நடத்திய புகழ்பெற்ற வாத்தியக் குழுவோடு லாலோவின் ஆக்கத்தை வாசித்தார். அதன்பின் ஐரோப்பிய மேடைகள் தாமே திறந்தன. லாமுறோ அவ்வாண்டு டிசம்பரில் காலமானார்.

பாக்கின் தொகுதியொன்றை முழுமையாகச் சபையில் வாசித்தபோது கசால்சுக்கு வயது இருபத்தைந்து. ஒலித்தட்டில் பதிய இணங்குவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. 1936 நவம்பரில், தாயகத்தில் உள்நாட்டுப் போர் மூண்டிருக்க, லண்டனில் இரண்டாம், மூன்றாம் தொகுதிகளைப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 59.