மறதியைக் காட்டும் தொடை

ஏட்டை வைத்திருந்தோர் சிலரும் பாட்டைக் கேட்டோர் பலருமாக இருந்த காலத்தில், தமிழ் நூல்கள் பெரிதும் நெஞ்சிலேயே வாழ்ந்தன. ஓலை செல்லரித்துப் போனாலும் ஓதுவோர் நா அதனை மீட்டுத் தரும். ஆயின் நாவும் தவறக் கூடியதே. இதனை உணர்ந்த பழந்தமிழ்ச் சான்றோர் மனனத்தை எளிதாக்கும் உத்திகளையே மறதி நேர்ந்த இடத்தைக் காட்டும் உத்திகளாகவும் அமைத்தனர். தமிழர் நினைவுக் கலையின் வரலாற்றில் பெரிதும் கருதத்தக்கது இவ்விரண்டாம் பயனேயாம்.

அந்தாதித் தொடை இதற்கு முதற்சான்று. ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் முதலாக வருவதால், பாடல் முடியுமிடத்தே அடுத்தது நாவில் தொடங்கிவிடும். இடையில் ஒன்று விடுபட்டால் தொடர்ச்சி அறும். ஓதுபவன் தானே நின்றுவிடுவான். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்து இவ்வாறு அமைந்தது. காரைக்கால் அம்மையார் அற்புதத் திருவந்தாதியின் 101 வெண்பாக்களையும் இத்தொடையால் கோத்தார். நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1,102 பாசுரங்களும் அந்தாதியாய்ச் சென்று, முடிவு முதலோடு சேர்ந்து மண்டலிக்கின்றன.

எனினும், ஓதுவார் இல்லையேல் எத்தொடையும் நூலைக் காவாது. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இன்று கிடைத்தில. திருவாய்மொழியும் ஒரு காலத்தில் வழக்கொழிந்து கிடந்ததென வைணவக் குருபரம்பரை நூல்கள் கூறும். குடந்தைப் பெருமானைப் பற்றிய ஒரு பதிகத்தை மட்டும் சிலர் ஓத, நாதமுனிகள் கேட்டார். அதன் இறுதிப் பாசுரம், அப்பத்து ஆயிரத்துள் அடங்கியது என்று சுட்டியது. எஞ்சியவை எங்கே என்னும் வினா அங்கே பிறந்தது. அவர் திருக்குருகூர் சென்று தேடியதன் பயனாகவே நாலாயிரமும் கிடைத்ததென்பது அந்நூல்களின் கூற்று. பாடலுள் வைத்த ஓர் எண், இழப்பின் அளவை அறிவித்தது.

சிறுவர் கல்வியிலும் இம்முறையே ஆளப்பட்டது. ஆத்திசூடி உயிரெழுத்து வரிசையில் தொடங்கி எழுத்து முறையே செல்வது. எழுத்தறிந்த குழந்தை ஓர் அடியை விட்டால் எழுத்தே அதனைக் கேட்கும். சொற்பொருள் கற்போர்க்கு நிகண்டுகள் இருந்தன. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு விருத்தத்தால் இயன்றது. அதன் பதினோராம் தொகுதி பலபொருள் ஒருசொற்களை எதுகை வரிசையில் வைக்கிறது. சொல்லைத் தேட ஓசையே வழியாயிற்று. 1594இல் இரேவண சித்தர் அகராதி நிகண்டில் முதலெழுத்து வரிசையைக் கைக்கொண்டார். 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றினார். கண்ணுக்குரிய இவ்வரிசை வந்த பின்னரும், அவர் நான்காவதாகத் தொடையகராதியைச் சேர்த்து எதுகைச் சொற்களுக்கு இடமளித்தமை நினையத்தக்கது.

திண்ணைப் பள்ளியின் எளிய பயிற்சி ஒன்றை உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றில் பதிந்துள்ளார். மாலையில் வீடு செல்லும் மாணவனிடம் ஆசிரியர் ஒரு பூ, ஒரு பறவை, ஒரு விலங்கு, ஓர் ஊர் என்பவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்புவார். மறுநாள் அவன் மறவாது ஒப்பிக்க வேண்டும். ஓரிரவு கழித்துக் கேட்பதே இதன் நுட்பம். 2006இல் அமெரிக்க உளவியலாளர் ரோடிகரும் கார்ப்பிக்கியும் வெளியிட்ட ஆய்வு இதற்கு அரண் செய்கிறது. ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்கள் தமக்கு மிகுதியும் நினைவிருக்கும் என்று நம்பினர். ஒரு வாரம் கழித்து மிகுதியாக நினைவுகூர்ந்தவர்களோ, படித்ததைப் பாராமல் சொல்லிப் பழகியவர்களே. திரும்பப் படித்தல் மறதியை மறைக்கிறது. திரும்பச் சொல்லுதல் அதனைக் காட்டித் திருத்துகிறது.

இப்பயிற்சியின் உச்சமே கவனகம். இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். மணியோசையை எண்ணல், கணக்கிற்கு விடை கூறல், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடித்தல் முதலியன கவனகத்தின் கூறுகள். கேட்டவரே சான்றாளர் ஆதலின், அவையறியாமல் மறத்தல் அங்கே இயலாது.

அச்சும் கணினியும் நூல்களைக் காக்கும் இன்று, மரபை ஏற்றும் துறந்தும் கவிஞர் எழுதுகின்றனர். இரு சாரார்க்கும் இவ்வரலாறு தரும் பயிற்சி ஒன்றே. எழுதிய கவிதையை ஓரிரவு மூடிவைத்து, மறுநாள் தாளைப் பாராமல் சொல்லிப் பார்த்தல் வேண்டும். நா தடைப்படும் அடியைக் குறித்துக்கொண்டு, மறந்தது நினைவின் குறையோ, அவ்வடியின் குறையோ என ஆராய்தல் நன்று.