அளவுகோல் யார் கையில்?: தரவுத்தளச் சந்தையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

ஒரு வங்கியோ மருத்துவமனையோ பல்கலைக்கழகமோ தரவுத்தள மென்பொருள் ஒன்றை வாங்கும்போது உண்மையில் எதை வாங்குகிறது? கணக்கு வைத்துக்கொள்ள ஒரு கருவி என்பது விற்பவர் சொல்லும் பதில். எதையெல்லாம் பதிவு செய்யலாம், பதிவானவற்றிடம் என்ன கேள்வி கேட்கலாம், கேட்பதற்கு யாருக்குக் காசு கட்டவேண்டும் என்கிற ஓர் ஏற்பாட்டையே அது வாங்குகிறது. இதைக் 'கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம்' என்று நாம் தள்ளி வைத்துவிட்டோம். மொழி, வகைப்பாடு, அதிகாரம் என்று ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற நாம் தள்ளிவைக்கக்கூடிய விஷயமல்ல இது.

இந்த வரலாற்றைப் பல வழிகளில் சொல்லலாம். ஒரே மனிதர் எட்டாண்டு இடைவெளியில் எழுதிய இரண்டு விதிப்பட்டியல்களின் வழியாக இங்கே பார்ப்போம். அவர் எட்கர் கோட்.

2

கோட் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் விமானம் ஓட்டியவர். ஐபிஎம்மில் வேலைக்குச் சேர்ந்து, 1953இல் மெக்கார்த்தியின் கம்யூனிஸ்ட் வேட்டை பிடிக்காமல் அமெரிக்காவை விட்டுக் கனடாவுக்குப் போனவர். பின்னர் திரும்பி வந்தார். 1970இல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரைதான் இன்றைய தரவுத்தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை.

அதற்கு முன் நிலைமை என்ன? அப்போலோ விண்வெளித் திட்டத்துக்காக உருவான ஐபிஎம்மின் ஐஎம்எஸ், தரவுகளை மரக்கிளைகள் போல அடுக்கியது. ஒரு தகவலை எடுக்க அது எந்தக் கிளையில், எதற்குக் கீழே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். பாதை தெரிந்தவன் மட்டுமே உள்ளே போகமுடியும். இன்னொரு முன்னோடியான சார்லஸ் பாக்மன் 1973இல் தம் டூரிங் விருது உரையில் நிரல் எழுதுபவரை மாலுமி என்றே வர்ணித்தார். கோட் இதைத் தலைகீழாக்கினார். தரவுகள் வெறும் அட்டவணைகளாக இருக்கட்டும். எப்படிப் போய் எடுப்பது என்று சொல்லவேண்டாம், என்ன வேண்டும் என்று சொன்னால் போதும் என்றார். கருவறைக்குள் போகும் உரிமை பூசாரிக்கு மட்டுமல்ல என்று சொன்ன மாதிரிதான்.

ஐஎம்எஸ்சில் நல்ல வருமானம் பார்த்துக்கொண்டிருந்த ஐபிஎம் இதில் அவசரம் காட்டவில்லை. அதன் ஆய்வுக்கூடத்தில் சேம்பர்லினும் பாய்ஸும் 1974இல் ஒரு வினவல் மொழியை முன்வைத்தார்கள். அதுதான் பிறகு எஸ்க்யூஎல் ஆனது. வெளியான ஆய்வுக்கட்டுரைகளை மற்றவர்கள் படித்தார்கள். 1977இல் தொடங்கப்பட்ட ஒரு சிறு நிறுவனம் 1979இலேயே ஆரக்கிள் என்ற பெயரில் பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் முதல் பதிப்புக்கே 'பதிப்பு 2' என்று பெயர். முதல் பதிப்பு என ஒன்று விற்கப்படவே இல்லை. இரண்டு என்றால் வாங்குபவருக்கு ஒரு தைரியம் வருமல்லவா! ஐபிஎம்மின் சொந்தச் சரக்கு 1981இல்தான் வந்தது, டிபி2 1983இல்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டோன்பிரேக்கரும் வோங்கும் உருவாக்கிய இங்கிரெஸ் வேறொரு மொழியைப் பேசியது: க்வெல். அதுவே ஒழுங்கான மொழி என்று வாதிட்டவர்கள் அநேகம் பேர். ஆனால் 1986இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் எஸ்க்யூஎல்லைத் தரமாக அறிவித்தது. க்வெல் பின்னுக்குப் போனது. எந்த மொழி ஆட்சிமொழியாகிறது என்பது இலக்கணத்தால் தீர்மானமாவதில்லை என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

3

எண்பதுகளின் முதற்பாதியில் எல்லோருமே தங்கள் சரக்கு 'ரிலேஷனல்' என்று சீட்டு ஒட்ட ஆரம்பித்தார்கள். பழைய மரக்கிளை அமைப்பின்மேல் மெலிதாக ஒரு பூச்சு, அவ்வளவுதான். வாங்குபவருக்கு எது அசல், எது போலி என்று தெரியாது. 1985 அக்டோபரில் கோட் 'கம்ப்யூட்டர்வேர்ல்ட்' இதழில் பன்னிரண்டு விதிகளை எழுதினார் (பூஜ்யத்திலிருந்து எண்ணினால் பதின்மூன்று). இவற்றை நிறைவேற்றினால்தான் அது ரிலேஷனல். அந்த அளவுகோலின்படி சந்தையில் இருந்த ஒன்றுகூட முழுதாகத் தேறவில்லை. முதல் விதிப்பட்டியல் இது. அளவுகோல் இங்கே வாங்குபவர் கையில் இருக்கிறது.

அளப்பதை விற்பவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. 1983இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டீவிட் முதலானோர் பல தரவுத்தளங்களின் வேகத்தைச் சோதித்து, பெயரோடு முடிவுகளை வெளியிட்டார்கள். ஆரக்கிளுக்கு அதில் நல்ல பெயர் கிடைக்கவில்லை. அதன்பின் ஆரக்கிளின் உரிம ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை ஏறியது: எங்கள் அனுமதியின்றிச் சோதனை முடிவுகளை வெளியிடக்கூடாது. மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. அந்த நிபந்தனைக்கு 'டீவிட் ஷரத்து' என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடையில் எடைபோட்டுப் பார்க்கலாம், எடையை வெளியே சொல்லக்கூடாது! எவ்வளவு நேர்த்தியான தணிக்கை!

4

இனி இரண்டாவது பட்டியல். 1993இல் கோட் மறுபடி பன்னிரண்டு விதிகளை முன்வைத்தார். இம்முறை பகுப்பாய்வுக்கு. அன்றாடப் பரிவர்த்தனைகளைப் பதிவது வேறு, குவிந்த பதிவுகளை ஊர்வாரியாக, மாதவாரியாக, பொருள்வாரியாகத் திருப்பித்திருப்பிப் பார்ப்பது வேறு. பின்னதற்குத் தனிக் கருவி வேண்டும் என்பது வாதம். ஓஎல்ஏபி என்ற சொல் இங்கேதான் புறப்பட்டது. இதுவும் 'கம்ப்யூட்டர்வேர்ல்ட்' இதழில் வந்தது. பிறகுதான் விஷயம் வெளிப்பட்டது. இதை எழுதச் செய்தது ஆர்பர் என்ற மென்பொருள் நிறுவனம். அதன் எஸ்பேஸ் என்ற சரக்குக்கு அந்த விதிகள் அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தின. இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஆனால் சொல்லைத் திரும்பப் பெற முடியவில்லை. அது சந்தையின் பெயராகவே ஆகிவிட்டது.

கோட் விலைபோய்விட்டார் என்று தீர்ப்பெழுதி முடிப்பது சுலபம். அது பிரச்சினையைத் தனிமனித ஒழுக்கமாகச் சுருக்குவது. அவர் சொன்ன வேறுபாடு பொய்யல்ல என்பதுதான் இதில் சிக்கலே. உண்மையான ஒரு கருத்து, ஒரு குறிப்பிட்ட கடைக்குப் பெயர்ப்பலகையாகவும் வேலை செய்தது. எட்டாண்டுகளுக்குள் சந்தை எந்த அளவுக்கு வளர்ந்தது என்றால், அளவுகோல் செய்கிற வேலையையும் விற்பவரே கூலிகொடுத்துச் செய்துகொள்ள முடிந்தது. விமர்சனமும் விளம்பரமும் ஒரே பேனாவில். இலக்கிய உலகில் இருக்கும் நமக்கு இது அந்நியமாகவா தெரிகிறது?

5

ஆர்பர் 1998இல் இன்னொரு நிறுவனத்துடன் இணைந்து ஹைபீரியன் சொல்யூஷன்ஸ் ஆனது. 2007இல் ஹைபீரியனை ஆரக்கிள் சுமார் 330 கோடி டாலருக்கு வாங்கியது. அதே ஆண்டில் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸை வாங்குவதாக எஸ்ஏபியும், காக்னோஸை வாங்குவதாக ஐபிஎம்மும் அறிவித்தன. தனித்து நின்ற பகுப்பாய்வு நிறுவனங்களில் பெரியவை மூன்று, ஒரே ஆண்டில் மூன்று கோட்டைகளுக்குள் போயின. ஆரக்கிளுக்கு மாற்று என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் காலையில் எழுந்து பார்த்தால் ஆரக்கிளின் குடித்தனக்காரர்கள். சன் நிறுவனத்தை வாங்கியதன் மூலம் 2010இல் மைஎஸ்க்யூஎல்லும் அதன் கைக்கு வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான விடெனியஸ் எதிர்த்துப் பிரச்சாரம் செய்தார். மூலநிரல் திறந்திருந்ததால் மரியாடிபி என்று தனிக்குடித்தனம் போகமுடிந்தது. மூடிய மென்பொருளை நம்பியவர்களுக்கு இந்த வழி இல்லை.

வெளியேறுவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு ஓர் உதாரணம். அமேசான் தன் நுகர்வோர் வணிகத்தை ஆரக்கிளிலிருந்து வெளியே எடுத்துவிட்டதாக 2019 அக்டோபரில் அறிவித்தது. சுமார் 7,500 தரவுத்தளங்கள், 75 பெட்டாபைட். சொந்தமாகத் தரவுத்தளம் விற்கிற உலகப் பெருநிறுவனத்துக்கே இது வருஷக்கணக்கான வேலை. ஒரு கூட்டுறவு வங்கி என்ன செய்யும்? அமேசான் போன்றோர் விற்பதும் விடுதலை அல்ல; முன்பு உரிமத்துக்குக் கட்டியதை இப்போது ஓடும் மீட்டருக்குக் கட்டுகிறோம்.

6

இங்கிரெஸுக்குப் பின் பெர்க்லியில் 1986இல் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் ஆய்வு, 1996இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று பெயர் மாறி இன்றும் தொடர்கிறது. க்வெல்லின் வழித்தோன்றலான மொழியைக் கைவிட்டு எஸ்க்யூஎல்லை ஏற்றுத்தான் அது பிழைத்தது. அதற்கு ஒரு முதலாளி இல்லை. ஆகவே அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. அதற்காக அதைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். அதில் உழைப்பவர்களில் பலருக்குச் சம்பளம் கொடுப்பவை நிறுவனங்களே.

ஆகவே தேர்வு என்பது 'எது சிறந்தது' என்ற கேள்வியில் தொடங்குவதில்லை. 'சிறந்தது' என்பதற்கு இலக்கணம் எழுதியவர் யார், அவருக்குக் கூலி கொடுத்தது யார், சோதித்துப் பார்த்ததை உரக்கச் சொல்ல ஒப்பந்தம் அனுமதிக்கிறதா, நாளை விற்பவரே விற்கப்பட்டால் நம் தரவோடு நாம் வெளியேற முடியுமா? பொதுப்பணத்தில் மென்பொருள் வாங்கப்படும் ஒவ்வோர் இடத்திலும், நூலகமானாலும் மின்வாரியமானாலும், இவற்றைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 1985இல் கோட் வாங்குபவர் கையில் கொடுத்த அளவுகோல் அங்கேயேதான் கிடக்கிறது. எடுத்து அளப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.