பாலித் தீவுக் கடற்கரைகளில் நெகிழிக் கழிவு

இந்தோனேசியாவின் பாலித் தீவில் கூத்தா, லெகியான், செமின்யாக், ஜிம்பாரன் முதலிய கடற்கரைகளில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில், ஏறக்குறைய டிசம்பர் தொடங்கி மார்ச் வரை, நெகிழிக் குப்பை மலையாகச் சேர்கிறது. மழைநீர் ஆறுகள் வழியே கடலுக்குக் கொண்டுபோகும் குப்பையை மேலைக்காற்று திரும்பவும் கரையில் ஒதுக்குகிறது. ஒரு பகுதி அண்டைத் தீவான ஜாவாவிலிருந்தும் மிதந்து வருகிறது. 2017இன் இறுதியில் ஜிம்பாரன் முதல் செமின்யாக் வரை சுமார் 6 கி.மீ. கரைக்குக் குப்பை அவசரநிலை அறிவிக்கப்பட்டது.

நெகிழிப் பைகளுக்கு எதிரான இயக்கத்தை மெலாத்தி விஜ்சன், இசபெல் விஜ்சன் என்ற பள்ளிச் சிறுமியர் 2013இல் தொடங்கினர். ஐந்தாண்டுக்குப் பின், 2018இன் 97ஆம் எண் ஆணையால் ஆளுநர் வாயான் கோஸ்தர் நெகிழிப் பை, தெர்மாகோல், நெகிழி உறிஞ்சுகுழல் மூன்றையும் தடைசெய்தார். பேரங்காடிகளில் மாற்றம் விரைவாகத் தெரிந்தது. சந்தைகளிலும் தெருக்கடைகளிலும் தடை இன்னும் முழுதாக வேரூன்றவில்லை.

பையைவிடச் சிக்கலானது தண்ணீர்ப் பாட்டில். குழாய்நீரைக் குடிக்க முடியாததால் பயணிகள் பாட்டில் தண்ணீரையே நம்புகின்றனர். மீள்நிரப்பு வசதி தரும் விடுதிகளும் உணவகங்களும் பெருகியிருக்கின்றன. 1 லிட்டருக்குக் குறைவான நெகிழிப் பாட்டில்களில் குடிநீர் தயாரிப்பதைத் தடுக்கும் சுற்றறிக்கை 2025 ஏப்ரலில் வெளியானது. பாட்டில் உருவாகும் இடத்திலேயே கைவைப்பதால் இதுவே சரியான வழி. தயாரிப்பாளர்களின் எதிர்ப்புக்கு அரசு வளைந்துவிடக் கூடாது.

கரையைக் கூட்டிப் பெருக்குவதால் மட்டும் பயனில்லை. அள்ளிய குப்பை தென்பசார் அருகே அலையாத்திக் காட்டை ஒட்டிய சுவுங் குப்பைக் கிடங்கையே சேர்ந்தது. நிரம்பி வழிந்த அக்கிடங்கு 2023 அக்டோபரில் நாள்கணக்கில் எரிந்தது. சிக்கலின் வேர் கரையில் இல்லை. வாழையிலையில் பொதிந்து உண்டு, இலையை வாசலோரம் எறிந்தால் மண்ணே தின்றுவிடும் வாழ்க்கை முன்பு இத்தீவினருடையது. பொதிவது நெகிழியாக மாறியபோது, அதை வாங்கிச் செல்லும் குப்பை வண்டி பல கிராமங்களுக்கு வரவில்லை. எனவே சிலர் எரித்தனர், சிலர் ஆற்றில் கொட்டினர்.

2020இல் தொடங்கிய ‘சுங்கை வாட்ச்’ அமைப்பு ஆறுகளின் குறுக்கே மிதவைத் தடுப்புகள் கட்டிக் குப்பையைக் கடலைச் சேரும் முன்பே மறிக்கிறது. வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் பொறுப்பை 2019ஆம் ஆண்டின் 47ஆம் எண் ஆணை கிராமங்களிடம் ஒப்படைத்தது. 2024 பிப்ரவரி 14 முதல் வெளிநாட்டுப் பயணிகள் ஆளுக்கு 1,50,000 ரூபியா செலுத்த வேண்டும். பண்பாட்டுக்கும் சூழலுக்கும் என்று பெறப்படும் இப்பணத்தில் முதல் பங்கு, கடற்கரை விடுதிப் பகுதிகளுக்கு அல்ல, குப்பை வண்டி எட்டாத ஆற்றோரக் கிராமங்களுக்கே போக வேண்டும்.