பள்ளியை ஊருக்குக் கொணர்ந்த வழக்கு

30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரும் ஒரு பள்ளிக் கட்டடமும் தருவதாக 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அமெரிக்க அரசு நவஹோ பழங்குடி மக்களுக்கு எழுதிக் கொடுத்தது. நூறாண்டு கழிந்த பின்னும், யூட்டா மாநிலத்துச் சான் வான் மாவட்டத்தில், அம்மக்கள் வாழும் தென்பகுதியில் ஓர் உயர்நிலைப்பள்ளிகூட இல்லை. இருந்த இரண்டும் வடக்கே, வெள்ளையர் மிகுந்த பிளாண்டிங், மான்டிசெல்லோ நகரங்களில் இருந்தன.

நவஹோ மாணவர் நாள்தோறும் பேருந்தில் சென்று திரும்பிய தொலைவு சராசரி 86 மைல். சிலருக்கு 166 மைல். இவ்வாறு அலைந்து களைத்த பிள்ளை வீட்டில் எப்பொழுது படிப்பது? இத்தனைக்கும், அவர்கள் மண்ணில் 1956-இல் கண்டறியப்பட்ட அனெத் எண்ணெய் வயலின் வரி அம்மாவட்டத்துக்குத்தான் சென்றது. நம் இளைஞர்கள் இதைக் கருத வேண்டும்.

1974-இல் அம்மக்கள் மாவட்டக் கல்விக் குழுவின்மீது வழக்குத் தொடுத்தனர். சினஜினி வழக்கு எனப்படுவது இதுவே. மறு ஆண்டே இருதரப்பும் இணங்கிய தீர்ப்பாணை பிறந்தது. தெற்கே இரு உயர்நிலைப்பள்ளிகள் கட்டவும், நவஹோ மொழிக்கும் பண்பாட்டுக்கும் பாடத்தில் இடமளிக்கவும் குழு ஒப்புக்கொண்டது. மான்டிசூமா கிரீக்கில் வைட்ஹார்ஸ் உயர்நிலைப்பள்ளி 1978-இல் திறக்கப்பட்டது. மான்யுமென்ட் வேலி மக்களோ 1983 வரை காத்திருக்க நேர்ந்தது.

கட்டடங்கள் எழுந்தன; மொழிக் கல்வி பெரிதும் ஏட்டளவிலேயே நின்றது. 1990-களில் அவ்வழக்கு மீண்டும் உயிர்பெற்றது. அக்காலத்திலேயே, நவஹோ மலைப் பகுதிப் பிள்ளைகளின் கல்வி மத்திய அரசின் பொறுப்பேயன்றித் தன்னுடையதன்று என வாதிட்டது கல்விக் குழு. பொறுப்பு அதற்கும் உண்டு என 1995-இல் நீதிமன்றம் தீர்ப்புரைத்தது.