கொட்டைக்குள் குடியிருப்பவன்

ஆழ்வார்திருநகரியில் புளியமரம் என்று சொன்னால் எல்லோருக்கும் உறங்காப்புளிதான் நினைவுக்கு வரும். ஆதிநாதர் கோயிலுக்குள் நிற்கும் அந்த மரத்தின் பொந்தில் நம்மாழ்வார் 16 ஆண்டுகள் அமர்ந்திருந்தார் என்பது ஐதீகம். மற்றப் புளிகள் பொழுது சாய்ந்ததும் இலையை மடக்கிக்கொள்ளும், இது மடக்காது. பூக்கும், காய்க்கும், பழுக்காது என்பார்கள்.

நான் சொல்ல வந்தது பழுக்கிற புளியின் கதை. திருச்செந்தூர் ரோட்டோர மரங்களின் மகசூலை எங்கள் தாத்தா ஏலத்தில் எடுத்து வந்தார். மழையையும் கல்லெறிகிற பையன்களையும் சமாளித்துவிடுவார். அவரைத் தூங்கவிடாமல் செய்தது வண்டு.

மாசியில் உலுப்புவார்கள். ஆள் மேலே ஏறிக் கிளையை உலுக்க, கீழே பெண்கள் ஓலைப்பெட்டியில் பொறுக்குவார்கள். முற்றத்தில் காயப்போட்டு, ஓடு தட்டி, நார் உரித்து, பழத்தைக் கல்லின் மேல் வைத்து ஒரு தட்டுத் தட்டி ஆச்சி கொட்டையைப் பிதுக்குவாள். நான் சோம்பினால் சத்தம் போடுவாள்: "ஏட்டி, கொட்டையோட வைக்காத. வண்டு வுழுந்துரும்."

வண்டு என்றால் வானத்திலிருந்து விழுவது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஓட்டின் மேல் முட்டை ஒட்டிவிட்டுப் போகும். ரவை அளவு, பால் நிறம். வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். புழு அந்த முட்டைக்கு அடியிலேயே ஓட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கிவிடும் என்பதால் வெளியே அடையாளம் இருக்காது. பிறகு கொட்டைக்குள் புகுந்து பருப்பைத் தின்னும். தின்று முடித்ததும் காகிதம் போன்ற ஒரு கூட்டைக் கட்டிக்கொண்டு அதற்குள் உருமாறும். வெளியே வருவது அரை சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பழுப்பு வண்டு. பின்னங்கால் தொடை மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பருத்து, உள்பக்கம் சீப்புப்பல் வைத்திருக்கும். 1790இல் ஒலிவியே என்ற பிரெஞ்சுக்காரர் இதற்குச் செராட்டஸ் என்று பெயர் வைத்தார். ரம்பப்பல் கொண்டது என்று பொருள். இன்று கேரியெடான் செராட்டஸ் என்கிறார்கள்.

பல்லாங்குழிக்குக் கொட்டை பொறுக்கும்போது ஓட்டை விழுந்ததை ஒதுக்கிவிடுவோம். விரலால் அழுத்தினால் கருந்தோல் நொறுங்கி மாவாகக் கொட்டும்.

ஒரு வருஷம் தாத்தா ஓடு உடைக்காத நிலக்கடலை நான்கு மூட்டை வாங்கிக் கொட்டைப்புளிக் குவியலுக்குப் பக்கத்திலேயே அடுக்கினார். இரண்டு மாதம் கழித்துப் பிரித்தால் கடலை முழுக்கத் துளை. கடலை விற்றவரைச் சாகும்வரை திட்டினார். பாவம், அந்த மனுஷன் மேல் குற்றமே இல்லை. புளியில் இருப்பதும் கடலையில் இருப்பதும் ஒரே வண்டு. கடலை தென் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த விருந்தாளி. வண்டு இந்தப் பக்கத்து மரங்களின் பழைய குடித்தனக்காரன். கடலையும் புளியும் ஒரே அவரைக் குடும்பம் என்பதால் அதற்குச் சாப்பாடு ஒத்துப்போயிற்று. ஆப்பிரிக்காவில் செனகலிலும் இதே கதைதான். அங்கே கடலையைக் கெடுக்கும் பூச்சிகளைப் பற்றி ரூபோ என்பவர் 1916இலேயே எழுதியிருக்கிறார். அந்த நாட்டுத் தலைநகர் டக்காருக்கு, அவர்கள் மொழியில் புளியமரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்துதான் பெயர் வந்தது என்றும் சொல்வதுண்டு. தாத்தாவிடம் இதைச் சொல்லியிருந்தால் செனகல்காரர்களையும் சேர்த்துத் திட்டியிருப்பார்.

கொட்டை எடுத்த புளிக்கு விலை அதிகம். சமையலுக்கு வசதி, அதனால் விலை என்பார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. இந்தப் புழு வளர்வது கொட்டைக்குள்தான்; வெறும் சதையில் அதற்கு வாழ்வு இல்லை. கொட்டையை எடுத்து, தூத்துக்குடிக் கல்லுப்பைத் தூவி, மண்பானையில் அழுத்தி, வாயைத் துணியால் கட்டிவிட்டால் அடுத்த மாசிவரை கவலையில்லை. ஆச்சிக்கு முட்டையும் தெரியாது, ஒலிவியேயும் தெரியாது. ஆனால் கொட்டையைப் பிரித்தால் வண்டு இல்லை என்பது தெரிந்திருந்தது.

பிதுக்கிய கொட்டைக்கும் காசு உண்டு. ஓவியர்கள் பலகையில் துணி ஒட்டப் புளியங்கொட்டைப் பசையைத்தான் காலங்காலமாகக் காய்ச்சினார்கள். 1940களில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தார் இந்தப் பருப்பின் பசைத்தன்மையை ஆராய்ந்தார்கள். நூலுக்குக் கஞ்சி போடும் ஆலைகளுக்கு இதன் மாவு போனது. எங்களிடம் கொட்டை வாங்க வருகிறவர் ஒரு கை அள்ளித் தண்ணீரில் போடுவார். மிதப்பதை எண்ணுவார். எண்ண எண்ணத் தாத்தாவின் முகம் சுருங்கும்.

அந்த ரோட்டு மரங்களில் பல இன்று இல்லை. உறங்காப்புளி நிற்கிறது. பழுக்காத மரத்தில் இந்த வண்டுக்கு என்ன வேலை?

உங்கள் வீட்டில் கொட்டைப்புளி வாங்கி வைத்திருந்தால், பக்கத்தில் கடலை மூட்டையை வைக்காதீர்கள்.