ஆயுத நாடும் ஆய் நாடும்: கொரிய மக்களின் தோற்றமும் தமிழ்த் தொடர்பும்

கொரியத் தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள கிம்ஹே நகரில் ஓர் அரசியின் கல்லறை இருக்கிறது. ஹோ ஹ்வாங்-ஓக் என்பது அவள் பெயர். கி.பி. 48இல் 'ஆயுத' நாட்டிலிருந்து கடல் வழியே வந்து, காயா நாட்டு மன்னன் கிம் சூரோவை மணந்தாள் என்று கொரிய மரபு சொல்கிறது. கிம்ஹே கிம் குலத்தாரும் கிம்ஹே ஹோ குலத்தாரும் இந்த இணையரைத் தம் மூதாதையராகக் கொள்கின்றனர். கிம்ஹே கிம் குலத்தில் மட்டும் நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளனர். இக்குலங்களுக்குள் திருமணம் செய்துகொள்ளாத வழக்கம் நெடுங்காலம் நிலவியது.

அந்த ஆயுத நாடு எது? உத்தரப் பிரதேசத்தின் அயோத்தி என்பது பரவலான விடை. 2001இல் அயோத்தியில் அரசிக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. 2018இல் அதன் விரிவாக்கத் தொடக்க விழாவுக்குத் தென்கொரியக் குடியரசுத் தலைவரின் துணைவியார் கிம் ஜுங்-சூக் வந்தார். தமிழ் ஆர்வலர் சிலர் சொல்லும் விடை வேறு: அவள் குமரி முனையை உள்ளடக்கிய ஆய் நாட்டின் இளவரசி, 'ஆய்' என்பதே 'ஆயுத' ஆயிற்று, அவளுடைய தமிழ்ப் பெயர் செம்பவளம். நாஞ்சில் நாட்டைப் பற்றிய கூற்று என்பதால் இதனைப் பொறுமையாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

ஆய் நாடு

ஆய் அரசு கற்பனை அன்று. பொதியில் மலைக்குரிய ஆய் அண்டிரன் புறநானூற்றில் பாடப்பட்ட வள்ளல். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய தாலமி 'ஆயோய்' நாட்டையும் அதில் கொமாரியா, கொட்டியாரா என்ற ஊர்களையும் குறிக்கிறார்; முன்னது குமரி, பின்னது கோட்டாறு என்று ஆய்வாளர்கள் கொள்கின்றனர். பிற்கால ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866இல் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரம் கோயிலையும் கல்விச் சாலையையும் நிறுவினான். ஆக, கி.பி. முதல் நூற்றாண்டில் குமரிக் கடற்கரையில் ஓர் ஆய் நாடு இருந்திருக்கும், அதன் துறைமுகங்கள் மேற்குலகம் வரை அறியப்பட்டிருந்தன என்பது வரை தடையில்லை. சிக்கல் அடுத்த படியில் தொடங்குகிறது.

கதையின் மூலம்

அரசியின் கதைக்கு நமக்குள்ள பழைய ஆதாரம் 'சாம்குக் யூசா'. இர்யோன் என்ற பௌத்தத் துறவி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொகுத்தது. அவர் 11ஆம் நூற்றாண்டில் ஓர் அதிகாரி எழுதிய 'காராக் நாட்டுக் குறிப்பு' என்ற நூலைச் சுருக்கித் தருகிறார். நிகழ்ச்சிக்கும் முதல் எழுத்துக்கும் இடையே ஆயிரம் ஆண்டு. தென்மேற்குக் கடலிலிருந்து சிவப்புப் பாய் கட்டிய கப்பல் வந்தது, இளவரசிக்கு வயது 16, 189இல் 157 வயதில் இறந்தாள் என்பவை அதில் உள்ள செய்திகள். அவளுடைய பெற்றோர் கனவு கண்டது ஐந்தாம் மாதம். அவள் கரையிறங்கியது ஏழாம் மாதம். 411இல் இலங்கையிலிருந்து கப்பலேறிய சீனத் துறவி பாகியான், நடுவே சாவகத்தில் ஐந்து மாதம் தங்கி, மறு ஆண்டுதான் சீனக் கரையைத் தொட்டார். பருவக்காற்றை நம்பிய பாய்க்கப்பலுக்கு அதுதான் கணக்கு.

'ஆயுத' என்ற சொல்லை இர்யோன் மூன்று சீன எழுத்துகளால் எழுதுகிறார். 7ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த யுவான் சுவாங் தம் பயண நூலில் கங்கைச் சமவெளியின் அயோத்தியைக் குறிக்கப் பயன்படுத்தியவையும் அதே மூன்று எழுத்துகளே. எனவே கதையை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது அயோத்தி என்று கொள்வதே பொருத்தம். 'ஆய்' என்ற பெயரிலிருந்து அச்சொல்லைப் பெற, மிஞ்சும் இறுதி ஒலிகளுக்கு விளக்கம் வேண்டும்; அது இதுவரை கிடைக்கவில்லை. பெயரும் ஒத்துவரவில்லை: ஹ்வாங்-ஓக் என்பதற்கு 'மஞ்சள் பச்சைக்கல்' என்று பொருள். அதில் செம்மையும் இல்லை, பவளமும் இல்லை.

அதற்காக அயோத்திதான் உண்மை என்றும் ஆகிவிடாது. கி.பி. முதல் நூற்றாண்டில் அந்நகரம் சாகேதம் என்றே பெரிதும் வழங்கியது. கொரியாவுக்குப் பௌத்தம் 372இல் வடக்கு நாடான கோகுர்யோவுக்கும், 384இல் பெக்சேவுக்கும் வந்தது. அதன் பின் அரச குலங்கள் தம்மைப் புத்தரின் நாட்டோடு பிணைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. சில்லா நாட்டு மன்னன் ஜின்பியோங் புத்தரின் தந்தை பெயரையும், அவன் அரசி புத்தரின் தாய் பெயரையும் சூடிக்கொண்டனர். காயாவின் முதல் அரசிக்கு இந்தியப் பிறப்பு வாய்த்ததும் இந்தச் சூழலில்தான் என்று கருதுவது இயல்பானது.

மீன் சின்னத்தையும் இங்கே சொல்லிவிடலாம். சூரோ மன்னன் கல்லறை வாயிலில் இணை மீன்கள் தீட்டப்பட்டுள்ளன. அயோத்தித் தரப்பு உத்தரப் பிரதேசச் சின்னத்தின் மீன்களைக் காட்டுகிறது. தமிழ்த் தரப்பு பாண்டியர் கயலைக் காட்டுகிறது. உத்தரப் பிரதேச மீன்கள் அவத் நவாபுகளின் வழி வந்தவை. பாண்டியர் சின்னம் ஆய் அரசர்க்கு உரியதன்று, அவர்களுடையது யானை. கல்லறை வாயிலும் முதல் நூற்றாண்டுக் கட்டடம் அன்று, மிகப் பிற்காலத்தது.

மொழி

கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்கும் உறவு உண்டு என்ற எண்ணம் 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு பாதிரிமாரிடம் தோன்றியது. கொரியாவில் பணியாற்றிய அமெரிக்கர் ஹோமர் ஹல்பர்ட் 1905இல் இரண்டையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூலே வெளியிட்டார். அக்காலத்துக்கு இது விந்தையன்று: குமரிக்கு அருகே இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல்லும் திராவிட மொழிகளைச் 'சித்திய' இனத்தோடு சேர்க்க முயன்றவர்தாம். 1984இல் மார்கன் கிளிப்பிஞ்சர் நானூறுக்கும் மேற்பட்ட சொல் இணைகளைத் தொகுத்தார்.

ஒற்றுமை கண்ணில் படக்கூடியதே. கொரியத்தில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற வரிசை. வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டும். 'அப்பா' என்றால் அப்பா. 'ஓம்மா' என்றால் அம்மா. 'நா' என்றால் நான். 'நால்' என்றால் நாள். 'புல்' என்றால் புல். 'வா' என்றால் வா. கொரியத் தொடர் பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் இதைத் தாமே கண்டுபிடித்து வியக்கின்றனர்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் வியப்பு குறைகிறது. கொரியத்தில் 'வா' என்பது பகுதி அன்று. 'ஓ' என்பதே பகுதி, அதனோடு 'ஆ' விகுதி சேர்ந்து 'வா' ஆகிறது. தமிழில் 'வா' பகுதியே. 'ஓன்னி' என்ற சொல்லை அண்ணியோடு இணைக்கின்றனர். ஆனால் அது பெண் தன் அக்காவை அழைக்கும் சொல், ஒரு காலத்தில் ஆண்களும் தம் அண்ணனை அப்படி அழைத்தனர். அரிசியைக் குறிக்கும் 'ஸ்ஸல்' நம் 'சாலி'யை நினைவூட்டுகிறது. பழங்கொரியத்தில் அதன் வடிவம் 'ப்ஸல்' என்று தொடங்கியது. அப்பா, அம்மா குழந்தை வாயில் உலகெங்கும் பிறக்கும் சொற்கள். மொழியுறவுக்குச் சொல் ஒலிப்பது போதாது. ஒலி மாற்றங்கள் ஒழுங்காக, திரும்பத் திரும்ப ஒத்துவர வேண்டும். 'நாள்' போன்ற சில இணைகள் எஞ்சினாலும், சில இணைகளைக் கொண்டு குடும்பம் கட்ட முடியாது.

வாக்கிய வரிசையும் சான்றாகாது. துருக்கியம், மங்கோலியம், ஜப்பானியம் ஆகியவற்றிலும் இதே அமைப்புதான். மறுபக்கம், தமிழ் வினையில் வரும் ஏன், ஆய், ஆன் விகுதிகள் கொரியத்தில் இல்லை. களியக்காவிளையைத் தாண்டினால் மலையாளத்திலும் அவை இல்லையே என்று நாஞ்சில் நாட்டார் கேட்கலாம். மலையாளம் அவற்றை இழந்தது என்பதற்குப் பழைய எழுத்துச் சான்று உண்டு, கொரியத்துக்கு அப்படி இல்லை. ட, ண, ள, ழ போன்ற நாவளை ஒலிகளும் அங்கு இல்லை. இன்று பெரும்பாலான மொழியியலாளர் கொரியத்தையும் அதன் நெருங்கிய உறவான ஜேஜுத் தீவு மொழியையும் ஒரு தனிச் சிறு குடும்பமாகவே கொள்கின்றனர். அல்தாயிக் குடும்பத்தில் அதைச் சேர்த்த பழைய கொள்கையும் செல்வாக்கு இழந்துவிட்டது.

எழுத்தில் ஓர் இனிய பொருத்தம் உண்டு. 1443இல் அரசர் சேஜோங் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்தில் மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாகும். நாம் உயிர், மெய் என்பதைக் கொரியர் இன்று 'தாய் ஒலி', 'சேய் ஒலி' என்கின்றனர்.

மக்கள்

கொரிய மக்களின் வேர்களை அகழாய்வு வடக்கிலும் மேற்கிலும் காட்டுகிறது. கி.மு. 1500 அளவில் தொடங்கும் முமுன் மட்பாண்டக் காலத்தில் நெல் வேளாண்மை பரவியது. அப்போது எழுந்த கற்திட்டைகள் நம் பெருங்கற்காலச் சின்னங்களைப் போலவே தோன்றும். பலகைக் கல் கிடைக்கும் நாட்டில் கல்லறை எழுப்புவோர் இந்த வடிவத்துக்கு எளிதில் வந்து சேர்வர் என்பதால், தோற்றத்தை மட்டும் வைத்து உறவு கூற இயலாது.

கிம்ஹேயிலேயே ஒரு நேரடிச் சோதனை நடந்தது. அங்குள்ள தேசோங்-தோங் கல்லறைகளிலும் யூஹா-ரி கிளிஞ்சல் மேட்டிலும் கிடைத்த, கி.பி. 4-5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எட்டுப் பேரின் மரபணுத்தொகுதி 2022இல் வெளியிடப்பட்டது. வடகிழக்கு ஆசிய மரபும், ஜப்பானின் பழங்குடியான ஜோமோன் மரபும் பல அளவுகளில் கலந்திருந்தன. தென்னாசியக் கலப்பு காணப்படவில்லை. எட்டுப் பேர் என்பது சிறு எண்ணிக்கைதான். ஓர் அரசி வந்திருந்தாலும் பத்துத் தலைமுறையில் அவள் தடம் மங்கிவிடும். ஆனால் மக்கள் பெயர்ச்சி ஒன்று நடந்திருந்தால் இத்தனை முழுமையாக மறைந்திருக்காது.

கப்பலில் போனவை

தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அரிக்கமேட்டில் செய்யப்பட்ட வகையைச் சேர்ந்த சிறு கண்ணாடி மணிகள் தென்கிழக்காசியா முழுவதும் பரவின. அவ்வகை மணிகள் கொரியக் கல்லறைகளிலும், 523இல் இறந்த பெக்சே மன்னன் முர்யோங்கின் கல்லறையிலும் கிடைத்துள்ளன. தமிழ்நாட்டு வணிகன் ஒருவன் கொரியா வரை போயிருக்கத் தேவையில்லை. மணி கை மாறிப் போயிற்று. தாய்லாந்தின் பூ காவ் தோங்கில் தமிழி எழுத்துடன் ஓட்டுச்சில் கிடைத்தது. சீனத்தின் குவான்சௌ துறைமுகத்தில் தமிழும் சீனமும் பொறித்த சிவன் கோயில் கல்வெட்டு 1281ஆம் ஆண்டுக்குரியது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான், அங்கிருந்து கடல் கடந்தால் எட்டும் கொரியாவில், இர்யோன் சிவப்புப் பாய்க் கப்பலின் கதையை எழுதிக்கொண்டிருந்தார்.